ரோட்டவேட்டரின் அடி கூடினால் உழவு கூடுமா?

மினி டிராக்டர் வாங்கப் போகிறவர் முதலில் கேட்பது, "எத்தனை எச்.பி.?" ரோட்டவேட்டர் வாங்கப் போகிறவர் கேட்பது, "எத்தனை அடி?" இரண்டும் கேட்க வேண்டியவைதான். அந்த எச்.பி.யால் இந்த அடியை உங்கள் மண்ணில் சுற்ற முடியுமா என்ற மூன்றாவது கேள்வியை மட்டும் கடையில் யாரும் கேட்பதில்லை. அதைக் கேட்காமல் வாங்கியவர்கள் இரண்டாவது போகத்திலேயே கிளட்ச் பிளேட் மாற்றுகிறார்கள்.

பவர் டில்லர் வைத்திருந்தவர்களுக்கு இந்தத் தொல்லை கிடையாது. அதில் என்ஜினும் சுழலும் கத்திகளும் ஒரே தொழிற்சாலையில் ஒன்றுக்கொன்று பொருத்திச் செய்யப்பட்டு வந்தன. அகலம் போதுமா, திறன் போதுமா என்ற கணக்கை உற்பத்தியாளரே போட்டுவிட்டார். மினி டிராக்டருக்கு மாறும்போது டிராக்டர் ஒரு கடை, ரோட்டவேட்டர் இன்னொரு கடை என்றாகிவிடுகிறது. அந்தக் கணக்கு இப்போது உங்கள் தலையில் விழுகிறது. அதை அங்கேயே சொல்லித் தருபவர்கள் குறைவு.

முதலில் எச்.பி.யைப் பார்ப்போம். டிராக்டரின் பானட்டில் ஒட்டியிருக்கும் எண் என்ஜினின் திறன். ரோட்டவேட்டரைச் சுற்றுவது பின்னால் இருக்கும் பி.டி.ஓ. தண்டு. கியர்களைக் கடந்து, ஹைட்ராலிக் பம்புக்கும் பங்கு கொடுத்து அங்கே வந்து சேர்வது, தோராயமாக என்ஜின் திறனில் 85 சதவீதம். 20 எச்.பி. என்றால் கைக்கு வருவது 17, 27 எச்.பி. என்றால் 23. உழைத்துத் தேய்ந்த என்ஜின் இன்னும் குறைவாகவே தரும். எனவே பானட்டில் உள்ள எண்ணை வைத்து ரோட்டவேட்டர் வாங்குவது, மொத்தச் சம்பளத்தைப் பார்த்துக் கடன் வாங்குவது போன்றது. கையில் வருவது பிடித்தம் போகத்தான்.

அடுத்தது, "ஐந்து கலப்பையை அலட்சியமாக இழுக்குது, இதை இழுக்காதா?" என்ற வாதம். கலப்பையை இழுப்பது டயரின் பிடிப்பும் டிராக்டரின் எடையும். ரோட்டவேட்டர் அப்படி இழுக்கப்படும் கருவி அல்ல. அதன் கத்திகள் டிராக்டர் போகும் திசையிலேயே சுழன்று மண்ணை வெட்டுவதால், வண்டியைப் பின்னால் இருந்து அது லேசாக முன்னே தள்ளவே செய்கிறது. பாரம் முழுவதும் பி.டி.ஓ. வழியாக என்ஜின் மேல் விழுகிறது. அதனால்தான் டயர் கொஞ்சமும் வழுக்காமல் ஓடும்போதே என்ஜின் திணறிக் கரும்புகை கக்குகிறது. நான்கு சக்கர இயக்கம் உள்ள வண்டி என்பதற்காக அகலமான ரோட்டவேட்டரைப் பரிந்துரைக்கும் விற்பனையாளரிடம் கொஞ்சம் எச்சரிக்கையாக இருங்கள். சேற்றிலும் சரிவிலும் அது உதவும், பி.டி.ஓ.வில் ஒரு எச்.பி.யைக் கூட்டாது.

ஒரு அடி அகலத்துக்கு எவ்வளவு திறன் தேவை? 4 அங்குல ஆழத்துக்கு, ஈரப் பக்குவத்தில் உள்ள செம்மண், மணற்பாங்கான மண் என்றால் அடிக்கு 6 பி.டி.ஓ. எச்.பி. என்றும், கரிசல், களிமண் என்றால் அடிக்கு ஏழரை என்றும் வைத்துக்கொள்ளுங்கள். கடைசிப் புள்ளிவரை துல்லியமான விதி அல்ல இது. வாங்கும் முடிவுக்குப் போதுமான கைக்கணக்கு. 20 எச்.பி. டிராக்டருக்குச் செம்மண்ணில் 3 அடியே எல்லை. 27 எச்.பி.க்குச் செம்மண்ணில் மூன்றரை அடி தாராளம். நன்கு பண்பட்ட தோட்ட மண்ணில் 4 அடியும் ஓடும். அதே வண்டி கரிசல் நிலத்தில் 3 அடியோடு நிற்பது நல்லது. 40 எச்.பி.க்கு 5 அடி, 50 எச்.பி.க்கு 6 அடி என்று ஊர்களில் சொல்லும் வழக்கு இந்தக் கணக்கோடு ஒத்துப்போகிறது. பெரிய டிராக்டர் உள்ளவர்களுக்கு அனுபவத்தில் தெரிந்துவிட்ட கணக்கு, சின்ன டிராக்டர் வாங்குகிறவர்களுக்கு இன்னும் வந்து சேரவில்லை. தப்பும் அங்கேதான் அதிகம் நடக்கிறது.

"கொஞ்சம் பெரிதாக எடுத்தால் சீக்கிரம் வேலை முடியுமே, மெதுவாக ஓட்டிக்கொள்ளலாம்" என்று நினைப்பவர்கள் கீழே உள்ள கணக்கைப் போட்டுப் பாருங்கள். 3 அடி ரோட்டவேட்டரை மணிக்கு 3 கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டுகிறீர்கள். அகலத்தையும் வேகத்தையும் பெருக்கினால் மணிக்கு 2,700 சதுர மீட்டர். வரப்பில் திரும்புவது, ஓரம் சேர்த்து ஓட்டுவது என்று நான்கில் ஒரு பங்கைக் கழித்தால் சுமார் 2,000 சதுர மீட்டர், அதாவது 50 சென்ட். அதே டிராக்டரில் 4 அடியை மாட்டினால் என்ஜின் தாங்காது. கியரைக் குறைத்து மணிக்கு 2 கிலோமீட்டருக்கு இறங்க வேண்டும். மணிக்கு 2,400 சதுர மீட்டர். நான்கில் ஒரு பங்கு போக 1,800. ஏறத்தாழ 44 சென்ட். ஒரு அடிக்குக் கூடுதல் விலை கொடுத்து, மணிக்கு 6 சென்ட் குறைவாக உழுகிறீர்கள். டீசலும் மிச்சமில்லை, ஏனென்றால் என்ஜின் முழுப் பாரத்திலேயே ஓடுகிறது.

நஷ்டம் நேரத்தோடு நிற்பதுமில்லை. டிராக்டர் மெதுவாக நகர்ந்தாலும் கத்திகளின் சுற்று குறையாது. ரோட்டவேட்டரின் கத்தித் தண்டு நிமிடத்துக்கு 200 சுற்று ஓடுகிறது, ஒவ்வொரு தட்டிலும் பக்கத்துக்கு 3 கத்தி என்று கொள்வோம். மணிக்கு 3 கிலோமீட்டரில் ஒவ்வொரு கத்தியும் சுமார் 8 செ.மீ. மண்ணை வெட்டுகிறது. 2 கிலோமீட்டரில் அது ஐந்தரை செ.மீ. ஆகிவிடும். மண் அந்த அளவுக்குப் பொடியாகும். பார்க்க அழகாக, மாவு போல இருக்கும். பக்கத்துத் தோட்டக்காரர் நின்று பாராட்டுவார். முதல் கனமழையில் அந்தப் பொடி கரைந்து மேலே படலமாக இறுகும். விதை முளை கட்டி மேலே வர முட்டிக்கொள்ளும். மானாவாரிச் செம்மண்ணில் நிலக்கடலை, சோளம் போட்டவர்கள் இதைப் பார்த்திருப்பீர்கள். விதைப் பாத்திக்கு வேண்டியது பட்டாணி அளவு முதல் கோலி அளவு வரை கலந்த புழுதி. முகப்பவுடர் தேவையில்லை.

கீழே நடப்பது கண்ணுக்குத் தெரியாது. 'எல்' வடிவக் கத்தியின் மடிந்த அடிப்பகுதி ஒவ்வொரு சுற்றிலும் ஒரே ஆழத்தில் மண்ணைத் தேய்த்துக்கொண்டே போகிறது. ஈரம் அதிகமாக இருக்கும்போது இது கொத்தனார் கரணையால் பூசுவது போலத்தான். திறன் போதாத டிராக்டர் ஆழம் குறைத்து, மெதுவாக, மறுபடியும் மறுபடியும் அதே 3 அங்குலத்தில் ஓடுவதால் அந்த அடுக்கு சீக்கிரம் இறுகுகிறது. தொடர்ந்து பல பருவம் ரோட்டவேட்டர் மட்டும் ஓட்டிய நிலத்தில் ஒரு குழி தோண்டி, பக்கச்சுவரைக் கத்தி முனையால் மேலிருந்து கீழாகக் குத்திப் பாருங்கள். கத்தி எந்த இடத்தில் இறங்க மறுக்கிறதோ அங்கே வேர்களும் பக்கவாட்டில் திரும்பியிருக்கும். இதை உடைக்க உளிக் கலப்பைதான் வழி. அரை மீட்டர் இடைவெளியில், 40 செ.மீ. ஆழத்தில், மூன்று ஆண்டுக்கு ஒரு முறை கோடையில் ஓட்ட வேண்டும். அது மினி டிராக்டருக்கு ஆகிற வேலை அல்ல. பெரிய வண்டியை வாடகைக்குப் பிடியுங்கள்.

இயந்திரத்துக்கு வரும் சேதம் உங்களுக்கே தெரியும்: கிளட்ச் கருகும், கிராஸ் உடையும், கியர் பாக்ஸ் ஆயில் சீல் போகும். இதில் ஒன்றை மட்டும் சொல்லியே ஆக வேண்டும். பி.டி.ஓ. இணைப்புத் தண்டில் உள்ள ஷியர் போல்ட், பாரம் மிஞ்சினால் தான் உடைந்து மற்றதைக் காப்பாற்ற வைக்கப்பட்டது. அது அடிக்கடி உடைகிறது என்று சொல்லி, கெட்டியான போல்ட்டைப் போட்டு முறுக்கிவிடுவது நம் பட்டறைகளில் சாதாரணமாக நடக்கிறது. வீட்டில் பியூஸ் அடிக்கடி போகிறது என்று தடித்த கம்பியைச் சுற்றுவதற்கும் இதற்கும் வித்தியாசமில்லை. போல்ட் அடிக்கடி உடைந்தால் அது சொல்வது ஒன்றுதான்: இந்த டிராக்டருக்கு இந்த அகலம், அல்லது இந்த ஆழம், அதிகம்.

எதிர்ப்பக்கத் தவறும் உண்டு. 45 எச்.பி. டிராக்டர் வைத்திருப்பவர், மலிவாகக் கிடைத்ததென்று மினி டிராக்டருக்கான 4 அடி ரோட்டவேட்டரை மாட்டுகிறார். என்ஜின் திணறாது. கல்லோ வேரோ கத்தியில் சிக்கும்போது, 20 எச்.பி.க்காகச் செய்த கியர் பாக்ஸ் 38 எச்.பி.யின் வேகத்தை வாங்கிப் பல் உதிர்கிறது. ரோட்டவேட்டரின் பட்டயத்தில் எந்த எச்.பி. முதல் எந்த எச்.பி. வரை என்று எழுதியிருக்கும். இரண்டு எண்ணும் முக்கியம். மேல் எல்லையைப் பலர் படிப்பதில்லை.

திறன் கணக்கு முடிந்ததும் டேப்பை எடுங்கள். பின் டயர்களின் வெளி விளிம்பிலிருந்து வெளி விளிம்பு வரை அளக்க வேண்டும். ரோட்டவேட்டர் அந்த அகலத்தை மூடி, பக்கத்துக்கு இரண்டு விரற்கடையாவது வெளியே நிற்க வேண்டும். இல்லாவிட்டால் டயர் மிதித்த தடம் உழாமல் கெட்டியாக நிற்கும். திறன் 3 அடிதான் தாங்கும், டயர் அகலமோ மூன்றரை அடி என்று முரண்பட்டால் என்ன செய்வது? முதலில் டயர் இடைவெளியைக் குறைக்க முடியுமா என்று பாருங்கள். பல மினி டிராக்டர்களில் சக்கரத்தைத் திருப்பி மாட்டினாலே இடைவெளி மாறும். அதற்கும் வழியில்லை என்றால் ரோட்டவேட்டரை ஒரு பக்கமாக நகர்த்தி மாட்டி, ஒரு டயரின் தடத்தையாவது மூடச் செய்யுங்கள். மறு டயர் எப்போதும் உழாத நிலத்தின் பக்கம் இருக்கும்படி சுற்றிச் சுற்றி உழுதால், அதன் தடத்தை அடுத்த சுற்று மூடிவிடும்.

வரிசைப் பயிருக்கு உள்ளே ஓட்டுவதற்காக வாங்குகிறீர்கள் என்றால், திறனையும் டயரையும் விடப் பயிர் இடைவெளிதான் முதல் எல்லை. இரட்டை வரிசை மல்பெரியில் ஜோடிக்கு ஜோடி 5 அடி விடுகிறோம். 5 அடி இருக்கிறதே என்று நாலடி ரோட்டவேட்டர் வாங்கிய விவசாயியின் தோட்டத்தை உடுமலைப் பக்கம் பார்த்தேன். கவாத்து செய்த வாரத்தில் தாராளமாகப் போனது. கிளைகள் படர்ந்த பிறகு இரண்டு பக்கமும் இலையைக் கிழித்துக்கொண்டு போனது. புழுவுக்குப் போக வேண்டிய இலை. அங்கே 3 அடிதான் அளவு. 6 அடிக்கு 6 அடி வாழையிலும் அப்படியே, அதுவும் கன்று சிறிதாக இருக்கும் முதல் சில மாதங்களுக்கு மட்டும். 25 அடி இடைவெளி உள்ள தென்னந்தோப்பில் அகலத்துக்குத் தடையில்லை. ஆனாலும் மரத்தைச் சுற்றி 6 அடி வட்டத்துக்குள் கத்தியை இறக்காதீர்கள். உணவு எடுக்கும் வேர்களில் பெரும்பகுதி அங்கேதான் இருக்கிறது.

கடையில் பார்க்க வேண்டிய வேறு சில விஷயங்களும் உண்டு. டிராக்டரின் ஹைட்ராலிக் லிப்ட் தூக்கும் எடை, ரோட்டவேட்டரின் எடையைவிடத் தாராளமாகக் கூடுதலாக இருக்க வேண்டும். தூக்கியதும் முன்சக்கரம் லேசாகி ஸ்டீயரிங் பிடிக்காமல் போனால் முன்னால் எடைக்கட்டி மாட்ட வேண்டும். வரப்பைத் தாண்டும்போது இது உயிர்ப் பிரச்சினை. பி.டி.ஓ. தண்டு, ரோட்டவேட்டரைத் தூக்கினாலும் இறக்கினாலும் முட்டாத நீளத்தில் இருக்கிறதா என்று பொருத்திக் காட்டச் சொல்லுங்கள். சிறிய டிராக்டருக்கு அதை வெட்டிக் குறைக்க வேண்டி வரலாம். தண்டின் மேல் பிளாஸ்டிக் உறை இல்லாமல் வாங்காதீர்கள், வேட்டி கட்டி வேலை செய்கிற ஊர் நம்முடையது. இரட்டைக் கிளட்ச் உள்ள டிராக்டராக இருந்தால் கியர் மாற்றும்போதும் கத்தி சுழன்றுகொண்டே இருக்கும். ஒற்றைக் கிளட்ச்சில் மிதித்தவுடன் கத்தி மண்ணுக்குள் நின்றுவிடும். மறுபடி கிளப்பும்போது ஒவ்வொரு முறையும் கியர் பாக்ஸுக்கு அடி. சில மினி டிராக்டர்களில் பி.டி.ஓ.வுக்கு 540 சுற்றோடு வேறு வேகங்களும் உண்டு. ரோட்டவேட்டர் எந்தச் சுற்றுக்குச் செய்யப்பட்டதோ, பெரும்பாலும் 540, அதில் மட்டும் ஓட்டுங்கள்.

இனி மானியம். வேளாண் இயந்திரமயமாக்கல் திட்டத்தில் சிறு, குறு, மகளிர், ஆதிதிராவிடர், பழங்குடி விவசாயிகளுக்கு 50 சதவீதமும் மற்றவர்களுக்கு 40 சதவீதமும் உச்சவரம்புக்கு உட்பட்டுக் கிடைக்கிறது. நல்ல திட்டம். ஆனால் கருவி பெரிதானால் உச்சவரம்பும் உயர்கிறது. "பாதிதானே நம் காசு, பெரிதாகவே எடுப்போம்" என்ற எண்ணம் வருவது இயல்பு. பெரிய கருவியில் லாபமும் பெரிது என்பதால் விற்பவர் தடுக்கப் போவதில்லை. மானியம் ஒரு முறை வரும். டீசலும் பழுதும் ஒவ்வொரு பருவமும் உங்கள் பையிலிருந்து போகும். அரசுப் பணமும் சேர்ந்தே வீணாகிறது என்பதால், வேளாண்மைப் பொறியியல் துறை இதில் ஒரு சிறிய மாற்றம் செய்யலாம் என்பது என் கருத்து. ரோட்டவேட்டருக்கான விண்ணப்பத்தில் விவசாயி வைத்திருக்கும் டிராக்டரின் பி.டி.ஓ. திறன், டயர் அகலம், மண் வகை என்று மூன்று வரி சேர்க்க வேண்டும். கொட்டேஷனில் டீலர் அந்த டிராக்டருக்கு இந்த அகலம் பொருந்தும் என்று எழுதிக் கையெழுத்திட வேண்டும். கூடுதல் செலவு எதுவுமில்லை. மத்தியப் பிரதேசம் புத்னியிலும், நமக்குப் பக்கத்தில் ஆந்திர மாநிலம் அனந்தபூர் மாவட்டம் கார்லதின்னேயிலும் மத்திய அரசின் பண்ணை இயந்திரப் பயிற்சி, பரிசோதனை நிறுவனங்கள் உள்ளன. அளந்து எழுதப்பட்ட பி.டி.ஓ. திறன் டிராக்டரின் பரிசோதனை அறிக்கையில் இருக்கும். டீலரிடம் அந்த அறிக்கையின் நகலைக் கேளுங்கள். தர மறுப்பவரிடம் வாங்க வேண்டிய அவசியமில்லை.

விரிவாக்கப் பணியில் இருக்கும் நண்பர்களுக்கும் ஒரு வேண்டுகோள். செயல்விளக்கம் என்றால் பண்பட்ட, ஈரப் பக்குவமான நிலத்தில் ஓட்டிக் காட்டுவதுதான் வழக்கமாகிவிட்டது. அந்த மண்ணில் எந்த ரோட்டவேட்டரும் ஓடும். அந்த ஊரின் கெட்டியான வயல் ஒன்றில் ஓட்டிக் காட்டுங்கள். ஸ்டாப் வாட்ச்சும் ஸ்கேலும் எடுத்துச் செல்லுங்கள்.

அதே சோதனையை வாங்குகிறவரும் முழுப்பணம் கட்டுவதற்கு முன் தன் நிலத்தில் செய்யலாம். 20 மீட்டருக்கு இரண்டு குச்சி நடுங்கள். மீட்டரில் 540 குறி காட்டும் இடத்தில் என்ஜினை வைத்து, 4 அங்குல ஆழத்தில் ஓட்டச் சொல்லுங்கள். 20 மீட்டரை 24 வினாடியில் கடந்தால் மணிக்கு 3 கிலோமீட்டர். 30 வினாடி ஆனால் 2.4 கிலோமீட்டர். அதுவரை ஏற்கலாம். 36 வினாடிக்கு மேல் இழுத்தாலோ, மீட்டர் முள் 540 குறியிலிருந்து நன்றாக இறங்கிக்கொண்டே போனாலோ, கரும்புகை நிற்காமல் வந்தாலோ ஒரு அளவு குறைந்த ரோட்டவேட்டரைக் கேளுங்கள். ஆழத்தைக் கையால் தோண்டி நீங்களே அளந்து பாருங்கள். டெமோ ஓட்டுநர் பக்கவாட்டுச் சறுக்குத் தகட்டைக் கொஞ்சம் இறக்கிவைத்து இரண்டரை அங்குலத்தில் பறப்பது எனக்குப் பழக்கமான காட்சி. சொந்தமாக வாங்குவதா வேண்டாமா என்றே தீர்மானிக்க முடியாதவர்கள் உழவன் செயலியில் உள்ள இ-வாடகை வழியாக ஒரு பருவம் வாடகைக்கு எடுத்துப் பாருங்கள். 3 ஏக்கருக்கும் குறைவான நிலத்துக்கு அதுவே கட்டுப்படியாகும் என்றுகூடத் தோன்றலாம்.

ஏற்கெனவே பெரிய அளவை வாங்கிவிட்டவர்கள் அதை விற்றுத்தான் ஆக வேண்டும் என்பதில்லை. காய்ந்த நிலத்தில் நேரடியாக இறக்காதீர்கள். முதலில் ஐந்து கலப்பையால் ஒரு உழவு போட்டு மண்ணை நெகிழ்த்துங்கள். ஒரு பிடி மண்ணை அமுக்கி உருண்டையாக்கி, இடுப்புயரத்திலிருந்து விடுங்கள். உடைந்து சிதறினால் ரோட்டவேட்டருக்கு அதுதான் பக்குவம். சப்பென்று ஒட்டினால் இரண்டு நாள் பொறுங்கள். சறுக்குத் தகட்டைச் சரிசெய்து முதல் ஓட்டத்தில் 2 அங்குலம், இரண்டாவதில் 4 அங்குலம் என்று பிரித்துக்கொண்டால் என்ஜின் தாங்கும். தேய்ந்த கத்தி அதிகத் திறன் கேட்கும் என்பதால் பருவத்துக்கு ஒரு முறை கத்திகளைக் கழற்றிப் பார்த்து, தேய்ந்தவற்றைச் செட்டாக மாற்றுங்கள். ஒன்றிரண்டை மட்டும் புதிதாகப் போட்டால் தண்டு அதிரும். வரப்பில் திரும்பும்போது ரோட்டவேட்டரைத் தூக்குவதற்கு முன் பி.டி.ஓ.வை நிறுத்துங்கள். கிராஸ் உடைவதில் பாதி அந்தத் திருப்பத்தில்தான் நடக்கிறது.